அடைப்பு நீக்கமும் ஆள் இறக்குவதும்: குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் உரிமையாளர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும்,

கழிவுநீர்க் குழாயில் ஏற்படும் அடைப்பை உயர் அழுத்த நீர்ப்பீச்சு கொண்டு நீக்கும் முறை இன்று நகரில் எளிதில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆயினும் குடியிருப்பு வளாகங்களின் சேம்பர்களிலும் செப்டிக் டேங்குகளிலும் மனிதர்களை இறக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இவ்விரண்டும் ஒரே நகரில், சில வேளைகளில் ஒரே தெருவில், எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதே இம்மடல் எடுத்துக்கொள்ளும் கேள்வி. இயந்திரப் பற்றாக்குறை இதற்கு முழு விடையாகாது. சேம்பர்கள் எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றன, அடைப்பு வேலை யாரிடம் என்ன சொல்லி ஒப்படைக்கப்படுகிறது என்ற இரண்டுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. குழியில் ஆள் இறங்குவாரா என்பது குழியின் விளிம்பில் முடிவாவதைவிட, பராமரிப்புச் செலவை ஒதுக்கும் சங்கக் கூட்டத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

வளாகத்துக்குள் ஓடும் குழாய்களின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. சமையலறைத் தொட்டி, குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் நீர் ஒரு குழாய் வழியாகவும், கழிப்பறைக் கழிவு மற்றொரு குழாய் வழியாகவும் மாடிகளிலிருந்து செங்குத்தாக இறங்கி, தரைமட்டத்தில் செங்கல் கட்டிப் பூசப்பட்ட சிறு தொட்டிகளில் வந்து சேர்கின்றன. குழாய்கள் கூடும் இடத்திலும் திசை மாறும் இடத்திலும் திறந்து பார்ப்பதற்கென்றே அமைக்கப்படும் இத்தொட்டிகள்தாம் சேம்பர்கள். ஒரு சேம்பரிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் கிடைக்குழாய், பழைய கட்டடங்களில் மெருகேற்றிய சுட்ட களிமண்ணாலான ஸ்டோன்வேர் குழாயாகவும், புதியவற்றில் 110 அல்லது 160 மில்லிமீட்டர் பிவிசி குழாயாகவும் இருக்கும். இக்குழாய்க்குக் கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் சீரான சரிவு வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாயாயின் ஏறத்தாழ 60 அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் தேவைப்படும். நொடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் நீர் ஓடினால்தான் மணலும் திடக்கழிவும் படியாமல் அடித்துச் செல்லப்படும் என்பது கழிவுநீர்ப் பொறியியலின் அடிப்படை விதி. தரை தாழ்ந்தோ குழாய் பெயர்ந்தோ வாட்டம் கெட்ட இடத்தில் எவ்வளவு முறை அடைப்பு எடுத்தாலும் அது திரும்ப வரும்.

அடைப்புகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சமையலறைக் குழாயில் பெரும்பாலும் கொழுப்பே காரணம்: வாணலியில் இருந்தபோது நீர்மமாக இருந்த எண்ணெய், குழாயில் குளிர்ந்து சுவரில் ஒட்டி, ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியத்தோடு வினைபுரிந்து, சோப்பையொத்த ஒரு கெட்டிப் படிவமாக மாறுகிறது. அரிசி கழுவிய நீரின் மாவும் தேயிலைத் தூளும் தேங்காய் நாரும் அந்தப் படிவத்தில் சிக்கிக்கொள்ள, நான்கங்குலக் குழாயின் உள்வழி மெல்ல மெல்ல ஒன்றரை அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. கழிப்பறைக் குழாயில் சானிட்டரி நாப்கின், குழந்தைகளின் டயப்பர், ஈரத்துடைப்பான் ஆகியவை நிற்கின்றன. நாப்கினிலும் டயப்பரிலும் உள்ள நீர் உறிஞ்சும் பலபடிப் பொருள், தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உள்வாங்கி ஊதிக்கொள்ளும்படியே தயாரிக்கப்பட்டது என்பதால், அது குழாய்க்குள் சென்றபின் வேறு எதுவும் நடக்க வழியில்லை. வெளிப்புறக் குழாய்களில் அரசும் வேம்பும் ஸ்டோன்வேர் குழாயின் இணைப்புகள் வழியே மெல்லிய வேரை நுழைத்து, உள்ளே சடைபோல் வளர்க்கின்றன. இவை தவிர, வீட்டை மராமத்து செய்வோர் தரையில் கழுவிவிடும் சிமென்ட் பாலும் மணலும் உண்டு; அடைப்புகளிலேயே மிகக் கொடியது அதுதான், ஏனெனில் இறுகிய சிமென்டுக்கு முன்னால் எந்த இயந்திரமும் அநேகமாகத் தோற்றுப்போகிறது.

கொழுப்பும் துடைப்பான்களும் சேர்ந்தால் எந்த அளவுக்குச் செல்லும் என்பதை லண்டன் நகரம் 2017-இல் கண்டது. வைட்சேப்பல் பகுதியின் பழைய சாக்கடையில் ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட ஒரு கொழுப்புப் பாறை உருவாகியிருந்தது. அதை உயர் அழுத்த நீர்ப்பீச்சால் உடைத்து உறிஞ்சி எடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று, அதன் ஒரு துண்டு அடுத்த ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கும் வைக்கப்பட்டது.

அடைப்பு நீக்கும் பழைய முறை குத்துவது. மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தியதன் அடுத்த கட்டமாக இரும்புச் சுருள் கம்பி வந்தது. 1930-களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சாமுவேல் பிளாங்க் என்பவர் அத்தகைய கம்பியின் முனையில் வெட்டுக்கத்தி பொருத்தி மின்மோட்டாரால் சுழலச் செய்தார். இந்த முறையில் கம்பி அடைப்பின் நடுவே ஒரு துளையைப் போடுகிறது. தேங்கிய நீர் இறங்கிவிடுவதால் வேலை முடிந்ததாகத் தோன்றுகிறது. குழாய்ச் சுவரில் ஒட்டிய கொழுப்பு அப்படியே இருப்பதால் சில வாரங்களில் அதே சேம்பர் மீண்டும் நிரம்புகிறது. ஆண்டுக்கு ஆறு முறை அடைப்பு எடுக்கும் வளாகங்களின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் பெரும்பாலும் இந்தத் துளையைத்தான் ஆறு முறை விலைகொடுத்து வாங்கியிருப்பார்கள்.

நீர்ப்பீச்சு வேறு தத்துவத்தில் இயங்குகிறது. பெட்ரோல், டீசல் அல்லது மின்விசையால் ஓடும் பம்பு, நீரை உறுதியான ரப்பர் ஹோஸ் வழியாக அழுத்தித் தள்ளுகிறது. ஹோஸின் முனையில் நாசில் எனப்படும், கட்டைவிரல் அளவிலிருந்து கைமுட்டி அளவுவரை உள்ள எஃகு முகப்பு பொருத்தப்பட்டிருக்கும். அழுத்தத்தை அளக்கும் அலகு பார். பத்து மீட்டர் உயர நீர்நிலை தன் அடியில் தரும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். மூன்றாம் மாடிக்கு மேலுள்ள தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்கு வரும் நீரில் இருப்பது அவ்வளவுதான். லாரியில் பொருத்தப்பட்ட, ஜெட்ராடிங் எனப்படும் நீர்ப்பீச்சு இயந்திரமோ 150 பார் அளவில் வேலை செய்கிறது; ஏற்காட்டு உயரத்திலிருந்து கடல்மட்டம் வரை ஒரே குழாயில் நீர் நிறுத்தப்பட்டால் அதன் அடியில் இருக்கும் அழுத்தத்தோடு அதை ஒப்பிடலாம். ஹோஸின் உராய்வில் ஏற்படும் இழப்பை நீக்காமல் கணக்கிட்டால், அந்த அழுத்தத்தில் நாசிலை விட்டு வெளியேறும் நீரின் வேகம் நொடிக்கு 170 மீட்டரைத் தாண்டும்.

நாசிலின் வடிவமைப்பில்தான் இம்முறையின் நுட்பம் இருக்கிறது. அதன் துளைகளில் ஒன்றிரண்டு முன்னோக்கியும், எஞ்சியவை பின்னோக்கிச் சாய்வாகவும் அமைந்திருக்கும். பின்னோக்கிப் பீச்சும் நீரின் எதிர்விசை, ராக்கெட்டை உந்தும் அதே நியூட்டன் விதிப்படி, நாசிலையும் ஹோஸையும் குழாய்க்குள் முன்னோக்கி இழுத்துச் செல்கிறது. மனிதர் தள்ளத் தேவையில்லை. முன்னோக்கிய பீச்சு அடைப்பை உடைக்கிறது. ஆனால் உண்மையான துப்புரவு ஹோஸைத் திரும்ப இழுக்கும்போதுதான் நடைபெறுகிறது: பின்னோக்கிய பீச்சுகள் குழாயின் முழுச் சுற்றையும் சுரண்டியபடி, பெயர்ந்த கொழுப்பையும் மணலையும் ஹோஸ் நுழைந்த சேம்பரை நோக்கி வாரிக்கொண்டு வருகின்றன. ஆகவே கீழ்நிலைச் சேம்பரிலிருந்து மேல்நிலையை நோக்கி நாசிலைச் செலுத்த வேண்டும். மெதுவாக இழுக்க வேண்டும். வந்து சேரும் கசடை அங்கேயே உறிஞ்சு குழாயால் எடுத்துவிட வேண்டும். நீர் இறங்கியவுடன் ஹோஸை வேகமாகச் சுருட்டிக்கொண்டு கிளம்பும் ஒப்பந்தக்காரர், நீரைச் செலவிட்டு மற்றொரு துளையைப் போட்டவரே ஆவார். கசடை எடுக்காமல் அடுத்த சேம்பருக்கும் அதன்வழி தெருச் சாக்கடைக்கும் தள்ளிவிடுவதும் பரவலாக நடக்கிறது. அது அண்டை வீட்டாருக்கு அடைப்பை அன்பளிப்பாக அனுப்புவது.

அழுத்தத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் நீரின் அளவைப் பற்றிப் பேச மறந்துவிடுகின்றனர். கார் கழுவும் சிறு இயந்திரம்கூட 100 பாருக்கு மேல் அழுத்தம் தரக்கூடியது. ஆனால் அது நிமிடத்துக்குத் தருவது ஏழெட்டு லிட்டர் நீர்தான் என்பதால், கொழுப்பைக் கீறுமே தவிர அள்ளிவர இயலாது. வீட்டுக் குழாய்க்கான சிறிய ஜெட்டிங் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டரும், வளாகத்தின் முதன்மைக் குழாய்க்கு அதைவிடப் பல மடங்கும் வேண்டும். விலைப்புள்ளி கேட்கும் சங்கம், எத்தனை பார் என்பதோடு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்றும் கேட்டாலே, எதிரில் இருப்பவர் தொழில் தெரிந்தவரா என்பது அநேகமாகத் தெரிந்துவிடும்.

இம்முறை எல்லா நோய்க்கும் மருந்து அன்று. ஒரே ஒரு துணியோ நாப்கினோ அடைத்துக்கொண்ட இடத்தில், நீர்ப்பீச்சு அதை மேலும் உள்ளே தள்ளிவிடக்கூடும். கொக்கி பூட்டிய கம்பியே அங்கே நல்லது. விரிசல் விட்ட ஸ்டோன்வேர் குழாயிலும், ஹைட்ரஜன் சல்பைடு வாயுவிலிருந்து உருவாகும் கந்தக அமிலம் மேற்புறத்தை அரித்துவிட்ட பழைய சிமென்ட் குழாயிலும், நாசிலை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் குழாய் உடைந்து மண் சரியும். ஆகவே ஐயத்துக்குரிய குழாய்களில் முதலில் சிறு கேமராவைச் செலுத்திப் பார்ப்பது முறை. தரைத்தள வீடுகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. கழிப்பறைக் கோப்பையின் வளைவிலும் குளியலறைத் தரையின் நாஹ்னி ட்ராப்பிலும் எப்போதும் தேங்கி நிற்கும் நீர், குழாயின் வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கும் அடைப்பாகச் செயல்படுகிறது. ஜெட்டிங்கின்போது காற்றழுத்தம் மாறுவதால் அந்த நீர் மேலே தெறிக்கவோ உறிஞ்சப்பட்டு வற்றிப்போகவோ கூடும். வேலைக்கு முன் எல்லா வீடுகளுக்கும் சொல்லிவைத்து, முடிந்தபின் ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு வாளி நீர் ஊற்றச் செய்தால் போதும்.

இனி, இம்மடல் எழுதப்படுவதற்கு முதற்காரணமான செய்திக்கு வரலாம். காற்றோட்டமின்றிக் கழிவு தேங்கிய இடத்தில் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. காற்றைவிடக் கனமான இவ்வாயு குழியின் அடியில் தங்குகிறது. மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமாக உணரப்படும் இது, பத்து லட்சம் பங்கில் 100 பங்கு என்ற அளவை எட்டியதும் சில நிமிடங்களில் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. 700 பங்கைத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே மனிதர் நினைவிழந்து விழுகிறார். நாற்றம் குறைந்துவிட்டது, இனி இறங்கலாம் என்ற கணிப்பு ஆளைக் கொல்வது இதனால்தான். கசடு அசையாமல் கிடக்கும்வரை அதனுள் சிறைப்பட்டிருக்கும் வாயு, மண்வெட்டி பட்டவுடன் ஒருசேர வெளிப்படுவதால், மூடியைத் திறந்து சற்றுநேரம் காற்றாடவிடுவதும் காப்பாகாது. முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அதே குழியில் இறக்கும் செய்திகள் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. முகத்தில் கட்டிய துண்டும் துணி முகக்கவசமும் இவ்வாயுவுக்கு எவ்விதத் தடையும் அல்ல.

இவ்வாறு இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். தமிழகத்தில் அருந்ததியர் சமூகம் இதில் இழந்த உயிர்கள் ஏராளம். 1993 முதல் நிகழ்ந்த சாக்கடை மரணங்கள் பற்றி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மாநில வாரிக் கணக்குகளில் தமிழ்நாடு முதலிடத்தில் நின்றிருக்கிறது. நகரமயத்தையும் கல்வியையும் பற்றி நிரம்பப் பெருமை பேசும் ஒரு மாநிலத்துக்கு இது பொருந்தாத முதலிடம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2013-இல் இயற்றப்பட்ட, கையால் மலம் அள்ளும் பணியில் அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் துப்புரவு செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. ஆபத்தான முறை என்பது, உரிய பாதுகாப்புக் கருவிகள் வழங்குதல் உள்ளிட்ட கடமைகளை அமர்த்துபவர் நிறைவேற்றாத நிலையில் கையால் செய்விக்கும் துப்புரவு என்று அச்சட்டமே வரையறுக்கிறது. இத்தடை உள்ளாட்சிகளையும் முகமைகளையும் மட்டுமன்றி எந்த நபரையும் கட்டுப்படுத்துவது. முதல் மீறலுக்கு இரண்டாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம், மீண்டும் மீறினால் அது ஐந்தாண்டும் ஐந்து லட்சமுமாக உயரும். குற்றம் பிணையில் விடத்தகாதது. 2014-இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் சாக்கடை மரணத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு என்று ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கின் தீர்ப்பில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம், அவர் யாரை இறக்கினார் என்று தெரியாது என்னும் வாதத்தை, மறைமுகமாக என்ற ஒரே சொல்லைக் கொண்டே சட்டம் முன்கூட்டி எதிர்கொண்டிருக்கிறது.

நகரில் இயந்திரம் இருந்தும் ஆள் ஏன் இறங்குகிறார் என்றால், காரணங்கள் மிகச் சாதாரணமானவை. வாகன நிறுத்தத்தில் டைல்ஸ் பதித்தபோது சேம்பர் மூடிகளும் அதன் அடியில் போய்விட்டதால், நாசிலை நுழைக்க வழியில்லாமல் போகிறது. திறக்கக்கூடிய ஒரே குழி ஆழமானதாக இருக்கிறது. குழாய்களின் வரைபடம் கட்டுநரிடமிருந்து பெறப்படவே இல்லை. வண்டி வரக் காத்திருக்க வேண்டிய சில மணிநேரத்தைத் தரைத்தளக் குடியிருப்போர் பொறுப்பதில்லை. இயந்திர வாடகைக்கும் ஆள்கூலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளாளர் கூட்டத்தில் விளக்க வேண்டியிருக்கிறது. இவற்றுள் ஒன்றுகூடத் தொழில்நுட்பத்தின் குறை அன்று.

நீர்ப்பீச்சு இயந்திரத்தை இயக்குபவரும் தொழிலாளிதான், அவருக்கும் ஆபத்து உண்டு என்பதும் மறக்கப்படுகிறது. இந்த அழுத்தத்தில் வரும் நீர் தோலைத் துளைத்து, சாக்கடைக் கிருமிகளைத் தசைக்குள் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளி மட்டுமே தெரிவதால் காயம் அற்பமாகக் கருதப்பட்டு, விரலையோ கையையோ இழக்கும் நிலை ஏற்படுவதுண்டு. அது உடனே அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய காயம். நாசில் குழாய்க்குள் நன்றாக நுழையும் முன் பம்பை இயக்கக் கூடாது. ஹோஸின் முனைக்குச் சில அடி முன்னால் வண்ண நாடா சுற்றி, இழுக்கும்போது அந்த அடையாளம் தெரிந்தவுடன் அழுத்தத்தை நிறுத்த வேண்டும். கசடு கலையும்போது முன்சொன்ன வாயு வெளிப்படும் என்பதால், திறந்த சேம்பரின் மேல் குனிந்து எட்டிப் பார்ப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். கண்ணாடி, முழங்கை வரையான கையுறை, காலணி ஆகியவை இல்லாமல் வருபவரைச் சங்கம் திருப்பி அனுப்பலாம்; கூலி குறைவாகக் கேட்பவர் அவற்றைத்தான் முதலில் விட்டுவிட்டு வருகிறார்.

வளாகத்துக்குள் உள்ள குழாய்களும் சேம்பர்களும் உரிமையாளர்களின் பொறுப்பு. தெருவில் உள்ள சாக்கடை சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெருச் சாக்கடை நிரம்பி எதிர்த்து வரும்போது வளாகத்துக்குள் ஜெட்டிங் செய்வது வீண் செலவு. தெரு மேன்ஹோலின் நீர்மட்டத்தை வாரியத்தின் பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்தபின் அடுத்ததை முடிவு செய்யலாம். வாரியத்தின் புகார் எண் 1916. செப்டிக் டேங்கைப் பாதுகாப்பாகக் காலிசெய்யும் சேவைக்கான எண் 14420. மழைநீரை வடிக்க வளாகத்தின் சேம்பரையோ தெரு மேன்ஹோலையோ திறந்துவிடும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது: கழிவுநீருக்கென்று மட்டும் அமைந்த குழாய்க்குள் மணலும் பிளாஸ்டிக்கும் அந்த ஒரு மாலையில் இறங்கும் அளவுக்கு ஆண்டு முழுவதும் இறங்குவதில்லை.

ஆகவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூடும் அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது. டைல்ஸுக்கு அடியில் மறைந்த சேம்பர் மூடிகளைத் தேடி எடுத்துத் திறக்கத்தக்கவையாக ஆக்குவதும், குழாய்களின் வரைபடத்தை வரைந்து காவலாளி அறையில் தொங்கவிடுவதும், சமையலறைக் குழாய்களுக்கு ஆண்டுக்கொரு முறை நீர்ப்பீச்சுத் துப்புரவுக்கெனப் பராமரிப்பு நிதியில் தனித் தொகை ஒதுக்குவதும் அத்தீர்மானத்தில் இடம்பெற வேண்டும். ஒப்பந்தக்காரருக்குத் தரும் வேலை ஆணையில், எக்காரணம் கொண்டும் எந்தக் குழியிலும் ஆள் இறங்கக் கூடாது, இறக்கினால் பணம் தரப்படாது, காவல் நிலையத்துக்கும் தெரிவிக்கப்படும் என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் பெற வேண்டும். அதே வாக்கியத்தைக் காவலாளிக்கும் வாசித்துக் காட்ட வேண்டும், ஏனெனில் அடைப்பு எடுக்க ஆள் வரும் நேரத்தில் சேம்பருக்கு அருகில் நிற்பவர் பெரும்பாலும் அவர் ஒருவரே.